போர்னியோ காட்டில் 22 நாள்: திட்டத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்

தென்னந்தோப்பு | அக்டோபர் 6, இரவு 9.40

வணக்கமுங்க. மூன்று வருஷமாக இங்கே படிப்பதோடு சரி, இன்றுதான் முதல் பதிவு. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு. வரும் மே மாதம், பாப்பாவுக்குப் பள்ளி லீவில், போர்னியோ தீவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். நான், வீட்டுக்காரி, பாப்பா (12 வயது), அம்மா (64 வயது). கையில் 22 நாள் இருக்கிறது. மால், கோபுரம், கடற்கரை ரிசார்ட் எதுவும் வேண்டாம், காடு மட்டும் போதும். பாப்பாவுக்கு ஒராங்குட்டான், எனக்கு இருவாச்சிப் பறவை, வீட்டுக்காரிக்குக் குகை. அம்மாவைக் கேட்டால் "நீங்க போற பக்கம் நானும் வாரேன்" என்கிறார்.

நான் போட்டிருக்கும் வரிசை இது. கூச்சிங்கில் இறங்கி, பாக்கோ தேசியப் பூங்கா ஒரு இரவு, ரஃப்லேசியா பூ பார்க்கக் குனுங் காடிங், நியா குகை, முலு குகை இரண்டு இரவு, புருணை ஒரு இரவு, கோத்தா கினபாலு, கினபாலு மலை ஏற்றம் இரண்டு நாள், செப்பிலோக் ஒரு இரவு, ஆமைத் தீவு ஒரு இரவு, கினபாத்தாங்கான் ஆறு இரண்டு இரவு, டானும் பள்ளத்தாக்கு இரண்டு இரவு, கடைசியில் சிப்பாடான் இரண்டு இரவு. வரைபடத்தில் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் தெரிகிறது. போய் வந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்களேன்.

நாமக்கல் லாரி | அக்டோபர் 6, இரவு 9.52

இது டூர் இல்லைங்க, டவுன் பஸ் ரூட். உக்கடத்தில் ஏறிக் காந்திபுரத்தில் இறங்குவதற்குள் பதினெட்டு ஸ்டாப்.

மஞ்சள்மண்டி | அக்டோபர் 6, இரவு 10.30

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். இரண்டு முறை போயிருக்கிறேன், 2017இல் ஒரு தடவை, 2023இல் ஒரு தடவை. முதல் தடவை உங்களை மாதிரியே திட்டம் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்ததெல்லாம் ஏர்போர்ட்டுதான். அந்த எரிச்சலில் எழுதுவதால் கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பக்கம் பக்கம்" என்கிறீர்களே, போர்னியோ உலகத்திலேயே மூன்றாவது பெரிய தீவு. சுமார் 7.4 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாடு 1.3 லட்சம். அதாவது ஐந்தரைத் தமிழ்நாட்டுக்கும் மேலே. அதில் மலேசியாவின் சபா, சரவாக் என்ற இரண்டு மாநிலம், நடுவில் புருணை, மிச்சமெல்லாம் இந்தோனேசியா. நீங்கள் சொன்ன கோத்தா கினபாலுவிலிருந்து செப்பிலோக் பக்கத்துச் சண்டகான் போவதற்கே பஸ்ஸில் ஆறு மணி நேரம், மலை வளைவு வேறு. முலுவுக்கு விமானத்தை விட்டால் ஆற்றுப் படகுதான்.

உங்கள் 22 நாளில் பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதுமாக 13 தடவை வருகிறது, நான் எண்ணிப் பார்த்தேன். காட்டில் விடிகாலை ஐந்தரையிலிருந்து ஒன்பதுவரை ஒரு நேரம், பொழுது சாயும்போது நாலிலிருந்து ஆறரைவரை ஒரு நேரம். இந்த இரண்டில்தான் ஏதாவது தென்படும். நீங்கள் அந்த நேரத்தில்தான் பாதி நாள் வண்டியில் இருப்பீர்கள்.

வெட்டுகிறேன். புருணை வேண்டாம். சிப்பாடான் கடலுக்குள் மூழ்கிப் பார்க்கிறவர்களுக்கு, உங்களில் யார் மூழ்கப்போகிறீர்கள்? கினபாலு மலை ஏற்றம் வேண்டாம். உயரம் 4,095 மீட்டர், தொட்டபெட்டாவே 2,637தான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பாறை மேல் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். அம்மாவை எங்கே விடுவீர்கள்? ஆனால் மலையடிவாரப் பூங்கா கட்டாயம் போங்கள். அங்கேயே சுமார் 1,500 மீட்டர் உயரம், குன்னூர் மாதிரி குளிரும், நடைபாதை நன்றாக இருக்கும்.

கருமலை | அக்டோபர் 7, காலை 6.15

தம்பி, நான் வால்பாறை. முப்பது வருஷம் எஸ்டேட் உத்தியோகம். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் வீட்டிலிருந்து ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஆனைமலை. டாப்ஸ்லிப், பரம்பிக்குளம், வால்பாறை, அந்தப் பக்கம் சத்தியமங்கலம். 22 நாளும் இதிலேயே சுற்றலாமே? புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு ரோட்டோரத்தில் உட்கார்ந்து பலாப்பழம் தின்கிறது. இதைப் பார்க்க வெள்ளைக்காரன் கடல் தாண்டி வருகிறான். நீ இதை விட்டுவிட்டு அங்கே போகிறாய்.

தென்னந்தோப்பு | அக்டோபர் 7, காலை 7.05

அண்ணா, கோபமெல்லாம் இல்லைங்க. ஏழு வயதிலிருந்து அந்த 40 வளைவையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். டாப்ஸ்லிப் போகாத வருஷம் இல்லை. அந்தக் காட்டைப் பார்த்துத்தான் இந்த ஆசையே வந்தது. நம் மலையில் இருவாச்சி நாலு வகை, அங்கே எட்டு வகை என்று படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை.

நொய்யல்கரை | அக்டோபர் 7, காலை 11.20

கருமலை அண்ணா சொல்வதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. போர்னியோ போங்கள், ஆனால் அதற்கு முன்னால் மழை பெய்கிற ஒரு வாரத்தில் நாலு பேரும் வால்பாறையில் இரண்டு நாள் இருந்து பாருங்கள். நனைந்த துணி, அட்டைக்கடி, விடிகாலை எழுச்சி, மூன்று மணி நேரம் ஒன்றும் தெரியாமல் மரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது. இதில் யாருக்கு எது ஆகாது என்று இங்கேயே தெரிந்துவிடும். பாப்பா இரண்டாம் நாள் போனைக் கேட்டு அழுதாள் என்றால் டானும் பள்ளத்தாக்குக்குக் கொடுக்கிற பணம் வீண்.

எட்டு வகை இருவாச்சி பற்றி: எட்டையும் பார்க்க வேண்டும் என்று போகாதீர்கள். காண்டாமிருக இருவாச்சி, சரவாக்கின் மாநிலப் பறவை, அது நிச்சயம் கிடைக்கும். தலைக்கவச இருவாச்சி கிடைத்தால் அதிர்ஷ்டம். கொம்புக்காகச் சுட்டுச் சுட்டே அருகிப்போனது. கண்ணுக்கு அகப்படாவிட்டாலும் காதுக்கு அகப்படும். நான் டானுமில் கேட்டேன். பழைய ஆயில் இன்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றுவார்களே, அது மாதிரி முதலில் இடைவெளி விட்டு விட்டு ஒரு "கூக்". இடைவெளி குறைந்துகொண்டே வரும். இன்ஜின் பிடித்துக்கொள்கிற மாதிரி வேகம் எடுக்கும். பிடித்துக்கொண்டதும் ஓடாது, கெக்கெக்கே என்று பேய்ச் சிரிப்புச் சிரித்துவிட்டு நின்றுவிடும். என் கூட வந்தவர் பயந்தே போனார்.

மஞ்சள்மண்டி | அக்டோபர் 7, இரவு 9.10

நேற்று வெட்டினேன், இன்று கூட்டுகிறேன். எங்கே அதிக நாள் இருக்க வேண்டும் என்று கேட்டால் என் பதில் ஒன்றே ஒன்றுதான்: கினபாத்தாங்கான். சபாவின் நீளமான ஆறு, 560 கிலோமீட்டர். அதன் கீழ்ப்பகுதியில் சுக்காவ், பிலிட் என்று இரண்டு கிராமம். சண்டகானிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம்.

2017இல் அங்கே இரண்டு இரவு இருந்தேன். நீள்மூக்குக் குரங்கு பார்த்தேன், முதலை பார்த்தேன், போட்டோ எடுத்தேன், கிளம்பிவிட்டேன். 2023இல் ஐந்து இரவு. அதே ஆறு, அதே மாதிரி படகு, ஆனால் வேறு ஊருக்குப் போன மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் காலை ஒரு வளைவில் படகோட்டி மோட்டாரை அணைத்தார். கரையில் ஒரு பெரிய அத்தி மரம், காய் நிறைய. ஒன்றும் இல்லை. "இன்னும் பழுக்கவில்லை, நாளை மறுநாள் வரலாம்" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. நாலாம் நாள் காலை போனால், மரத்தில் இடமே இல்லை. மேலே காண்டாமிருக இருவாச்சி ஜோடி, நடுவில் ஒரு தாய் ஒராங்குட்டானும் குட்டியும், கீழ்க்கிளையில் குரங்குக் கூட்டம். தாய் ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பழத்தை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துப் பறித்தது. மாம்பழக் கடையில் நம் ஆட்கள் அமுக்கிப் பார்ப்பார்களே, அதே விரல். தோல் ஆற்றில் பொத் பொத்தென்று விழுந்தது. இரண்டு மணி நேரம் நகரவில்லை நாங்கள். இரண்டு இரவுக்காரனுக்கு அந்த மரம் வெறும் காய் மரம்.

பொழுது சாய்ந்ததும் நீள்மூக்குக் குரங்கெல்லாம் ஆற்றோர மரத்துக்குத் தூங்க வந்துவிடும், அதனால் அது தினமும் கிடைக்கும். யானை அப்படி இல்லை. ஒரு வாரம் கீழே இருக்கும், ஒரு வாரம் மேலே இருக்கும். ஐந்து நாள் இருந்தால் வாய்ப்பு உண்டு.

தங்கும் இடம் லாட்ஜும் உண்டு, கிராமத்து வீடுகளும் உண்டு. வீட்டில் தங்கினால் செலவு குறைவு, அம்மாவுக்குப் பேச ஆள் கிடைக்கும். மலாய் தெரியாதே என்று நினைக்க வேண்டாம். கடைக்கு அவர்கள் "கெடாய்" என்கிறார்கள், கப்பலுக்குக் "கபால்". நம் ஆட்கள் கொடுத்த சொல்தான். ஒராங் என்றால் மனிதன், ஹுத்தான் என்றால் காடு, காட்டு மனிதன்.

சிவப்புமண் | அக்டோபர் 7, இரவு 9.48

யானை பார்க்கக் கடல் தாண்டிப் போகிறீர்களா? தடாகம் பக்கம் எங்கள் வாழைத் தோட்டத்துக்கு வாருங்கள். டிக்கெட் இல்லை, கைடு இல்லை, ராத்திரி 11 மணிக்கு வாசலிலேயே காட்சி. போன மாதம் 40 வாழை போச்சு.

மஞ்சள்மண்டி | அக்டோபர் 7, இரவு 10.15

சிவப்புமண், நீங்கள் கிண்டலாகச் சொன்னாலும் அங்கேயும் இதே ரோதனைதான். கினபாத்தாங்கானில் விலங்கு ஏன் இவ்வளவு சுலபமாகத் தெரிகிறது என்று நினைக்கிறீர்கள்? ஆற்றின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் கொஞ்சம் காடு. 2005இல் சரணாலயம் என்று அறிவித்தார்கள், சுமார் 26,000 ஹெக்டேர், அதுவும் துண்டு துண்டாக. அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டியவரை எண்ணெய்ப் பனை. பின்னால் போக இடம் இல்லாமல்தான் எல்லாம் ஆற்றோரத்துக்கு வந்து நிற்கிறது. யானை நடந்துபோகிற வழியில் தோட்டத்து மின்வேலி. போர்னியோ யானை நம் யானையைவிடச் சின்ன உருவம், மொத்தமே ஆயிரம் போல்தான் மிச்சம் என்கிறார்கள். படகில் உட்கார்ந்து "அடடா எவ்வளவு விலங்கு" என்று சந்தோஷப்படும்போதே இது தொண்டையில் சிக்கும். போகிறவர்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது.

தென்னந்தோப்பு | அக்டோபர் 8, காலை 6.40

இதைப் படித்துவிட்டு ராத்திரி வீட்டில் பெரிய பேச்சு. அம்மா சமையலறையிலிருந்து ரேஷன் பாமாயில் பாக்கெட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "இது அங்கிருந்துதான் வருதா?" என்றார். என்ன சொல்வதென்று தெரியவில்லைங்க. நானே தென்னை வைத்திருக்கிறவன். எங்கள் தாத்தா காலத்தில் இந்தத் தோப்பு இருக்கிற இடத்தில் என்ன இருந்தது என்று யோசித்தால் எனக்கும் வாய் பேச வராது.

நொய்யல்கரை | அக்டோபர் 8, காலை 10.05

மலேசியாவிலிருந்தும் வரும், இந்தோனேசியாவிலிருந்தும் வரும். உலகத்திலேயே பாமாயில் அதிகமாக இறக்குமதி செய்கிற நாடு நம்முடையதுதான். அம்மா கேட்டது சரியான கேள்வி. செப்பிலோக் போகும்போது அந்தக் கேள்வியை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1964இல் ஆரம்பித்த மறுவாழ்வு மையம் அது, காடு அழிந்து தாயை இழந்த ஒராங்குட்டான் குட்டிகளை வளர்த்துத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். காலை 10 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் மேடையில் பழம் வைப்பார்கள், வந்தால் பார்க்கலாம். காட்டில் பழம் நிறைய இருக்கிற பருவத்தில் ஒன்றுகூட வராது. வராவிட்டால் பாப்பாவிடம் "அதுதான் நல்ல சேதி" என்று சொல்லுங்கள்.

பக்கத்திலேயே சூரியக் கரடி மையமும், மழைக்காட்டு ஆய்வு மையமும் இருக்கின்றன. இந்த இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மர உச்சி உயரத்தில் இரும்பு நடைபாதை, படி அதிகம் இல்லை, அம்மா நடப்பார். பொழுது இறங்குகிற நேரம் அங்கே நின்றால் பெரிய செம்பறக்கும் அணில் பொந்திலிருந்து வெளியே வந்து, கொஞ்ச நேரம் மரத்தண்டில் ஒட்டிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கை காலை விரித்துத் துண்டை உதறின மாதிரி அடுத்த மரத்துக்குப் போகும். அதற்காகவே செப்பிலோக்கில் மூன்று இரவு போடுங்கள்.

ஓவர்லாக் | அக்டோபர் 8, மதியம் 1.30

திருப்பூரிலிருந்துங்க. காடெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் அட்டை சாக்ஸ் தெரியும். மூன்று வருஷம் முன்னால் டானும் போன ஒரு குழுவுக்குத் தைத்துக்கொடுத்தேன். நம் ஊர் என்றதும் எல்லோரும் பனியன் துணியில் தைக்கச் சொல்கிறார்கள். ஆகாதுங்க. பின்னல் துணி இழுத்தால் கண் விரியும், சின்ன அட்டை அதில் நூல் மாதிரி நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த பாப்ளின் வேண்டும், அல்லது குடைத்துணி. வெள்ளை அல்லது வெளிர் நிறம்தான் நல்லது, அட்டை ஏறுவது தெரியும். பாதம் தனியாக வெட்டி, முழங்காலுக்குக் கீழே வரை நீளம் வைத்து, மேலே நாடா. தையல் உள்பக்கம் வந்தால் நடக்கும்போது விரலில் உரசும், அதனால் தையலை வெளிப்பக்கம் விட வேண்டும். இதை அந்தக் குழு திரும்பி வந்து காலைக் காட்டின பிறகுதான் கற்றுக்கொண்டேன். உங்கள் நாலு பேருக்கும் இரண்டு இரண்டு ஜோடி தைத்துத் தருகிறேன், துணிக் காசு மட்டும் போதும். நாலு பேர் பாத நீளமும் கெண்டைக்கால் சுற்றளவும் அனுப்புங்கள்.

கருமலை | அக்டோபர் 8, மாலை 5.20

ஓவர்லாக் சொன்னது நூத்துக்கு நூறு. இங்கே நாங்கள் புகையிலைத் தண்ணீரில் நனைத்துக் கட்டுவோம். கடித்தால் பிடித்து இழுக்காதே, நகத்தால் வாய்ப்பக்கம் நெண்டி எடு. அங்கேயும் நம் அட்டைதானே?

நொய்யல்கரை | அக்டோபர் 8, மாலை 6.00

இரண்டு வகை அண்ணா. ஒன்று நம் ஊர் மாதிரி தரையில் இருக்கிற பழுப்பு அட்டை, கடித்தது தெரியாது. இன்னொன்று புலி அட்டை, உடம்பில் கோடு இருக்கும். அது இலை மேல் உட்கார்ந்திருக்கும், இடுப்பு, கழுத்து என்று மேலே ஏறும். கடித்தால் சுருக்கென்று தெரியும். அதனால் சாக்ஸ் மட்டும் போதாது, சட்டையைப் பேண்டுக்குள் விட வேண்டும், கழுத்தில் துண்டு.

அட்டைக்கு யாரும் செத்ததில்லை. கொசுதான் பார்த்துக்கொள்ள வேண்டியது. சபாவில் குரங்கிடமிருந்து மனிதனுக்கு வருகிற ஒரு மலேரியா வகை உண்டு, டெங்குவும் உண்டு. கிளம்ப ஒன்றரை மாதம் முன்னாலேயே டாக்டரைப் பாருங்கள். திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால் "போர்னியோ போய் வந்தேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

தென்னந்தோப்பு | அக்டோபர் 8, இரவு 8.45

அக்கா, சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அம்மா சுத்த சைவம். அரிசிம்பருப்புச் சாதம் இருந்தால் மூணு வேளையும் ஓட்டிவிடுவார், ஆனால் அது அங்கே எங்கே கிடைக்கும்?

நொய்யல்கரை | அக்டோபர் 8, இரவு 9.15

கிடைக்காது. சோறு எங்கேயும் உண்டு, கீரை வதக்கல் உண்டு, ஆனால் கீரையில் "பெலாச்சான்" என்கிற இறால் விழுது போட்டுவிடுவார்கள். பச்சைப்பசேல் என்று சைவம் மாதிரியே தெரியும், வாயில் வைத்ததும் தூத்துக்குடி வாசம். "தாக் மாவ் பெலாச்சான்" என்று அம்மாவையே சொல்லப் பழக்குங்கள், பெலாச்சான் வேண்டாம் என்று அர்த்தம். பருப்புப்பொடி, கொள்ளுப்பொடி இரண்டு கிலோ, ஊறுகாய், சின்ன டப்பாவில் நெய். கிராமத்து வீட்டில் தங்கினால் அடுப்படியில் விடுவார்கள். என் மாமியார் அங்கே ரசம் வைத்துக் கொடுத்து, அந்த வீட்டுக்காரம்மா மறுநாளும் கேட்டார்.

நாமக்கல் லாரி | அக்டோபர் 8, இரவு 9.30

விசா, ஃப்ளைட் பற்றி யாரும் பேசவில்லையே. எல்லோரும் அட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

மஞ்சள்மண்டி | அக்டோபர் 8, இரவு 10.40

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போவது நமக்கு லேசு. கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர் வழியும் உண்டு. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை 30 நாள்வரை விசா இல்லாமல் விடுகிறார்கள், சலுகையை அவ்வப்போது நீட்டிக்கிறார்கள். டிக்கெட் போடும் அன்று அது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வருகை அட்டையை இணையத்தில், இறங்குவதற்கு முன் மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனிக் குடிவரவு, அதனால் உள்நாட்டு விமானம்தானே என்று பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள். நான் போட்டேன். சரவாக்கின் மிரி ஊரில் வரிசையில் நின்றுகொண்டு என்னையே திட்டிக்கொண்டேன்.

மே மாதம் நல்ல மாதம். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை மழை அதிகம், ஆறு கரை புரண்டால் படகே எடுக்க மாட்டார்கள். அதற்காக மே மாதத்தில் மழை இல்லை என்று நினைக்காதீர்கள். மதியம் ஒரு மழை தினக்கணக்கு.

ஏஜெண்ட் பற்றி ஒன்று. 2017இல் ஒரு ஏஜெண்டிடம் மொத்தமாகக் கொடுத்தேன், பெயர் வேண்டாம். "டானும் காட்டு விடுதி" என்று ரசீது. போய்ப் பார்த்தால் லஹாட் டத்து டவுனில் கறிக்கடைக்கு மேலே ஒரு லாட்ஜ். காட்டுக்குத் தினமும் வண்டியில் கூட்டிப் போவார்களாம், ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் மண் ரோடு. டானுமுக்குள்ளே தங்க இரண்டே வழிதான் எனக்குத் தெரிந்து. ஒன்று சொகுசு விடுதி, விலையைக் கேட்டால் தலை சுற்றும். இன்னொன்று ஆராய்ச்சியாளர்கள் தங்கும் கள மையம். எளிமையாக இருக்கும், ஆனால் அதே காடு: 438 சதுர கிலோமீட்டர், கோடாலி படாத காடு. கள மையத்துக்கு இப்போதே எழுதுங்கள், மே மாதத்துக்கு அக்டோபரில் கேட்பது ஒன்றும் சீக்கிரம் இல்லை.

கருமலை | அக்டோபர் 9, காலை 6.30

கோடாலி படாத காடு என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. டாப்ஸ்லிப் என்று ஏன் பெயர் தெரியுமா பாப்பாவுக்கு? மேலே தேக்கை வெட்டி அங்கிருந்து சரிவில் உருட்டிவிட்டார்கள். மொட்டையடித்த மலையில் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி திரும்பத் தேக்கை வளர்த்தார், அவர் சமாதி அங்கேதான் இருக்கிறது. போகும்முன் காட்டிவிட்டுப் போ. வெட்டின காடு எப்படி இருக்கும், வெட்டாத காடு எப்படி இருக்கும் என்று அவளுக்கு வித்தியாசம் தெரியட்டும்.

தென்னந்தோப்பு | அக்டோபர் 12, இரவு 9.00

நாலு நாள் உட்கார்ந்து மாற்றிவிட்டேன். 21 இரவு இப்படிப் பிரிகிறது: கோலாலம்பூர் ஒன்று, மிரி ஒன்று, முலு மூன்று, கோத்தா கினபாலு ஒன்று, கினபாலு பூங்கா மூன்று, செப்பிலோக் மூன்று, சுக்காவ் ஐந்து, டானும் மூன்று, திரும்பும் வழியில் கோத்தா கினபாலு ஒன்று. கூச்சிங், பாக்கோ, ஆமைத் தீவு எல்லாம் போச்சு. ரஃப்லேசியாவுக்கும் தனியாகப் போகவில்லை. கினபாலு பூங்காப் பக்கம் பூத்திருந்தால் ரோட்டோரம் பலகை வைப்பார்களாமே, இருந்தால் பார்ப்போம். வீட்டுக்காரி முலுவை மட்டும் விடமாட்டேன் என்கிறார்.

நொய்யல்கரை | அக்டோபர் 12, இரவு 9.40

முலுவை விடவும் கூடாது. மூன்று இரவு சரியான கணக்கு. மான் குகையிலிருந்து சாயங்காலம் இருபது முப்பது லட்சம் வௌவால் வெளியே வரும் என்கிறார்கள். மழை பெய்தால் வராது. நான் போனபோது முதல் இரண்டு சாயங்காலமும் மழை, மூன்றாம் நாள்தான் வந்தது. குகை வாயிலிலிருந்து புகை கிளம்பின மாதிரி முதலில் ஒரு திரி, அது வளையமாகி, வளையம் நீண்டு கயிறாகி, முக்கால் மணி நேரம் அறுந்து அறுந்து போய்க்கொண்டே இருந்தது. ஒரு வல்லூறு உள்ளே பாய்ந்தபோது கயிறு அப்படியே உடைந்து திரும்ப ஒட்டியது. நடைபாதை மூன்று கிலோமீட்டர், பலகை போட்டது, அம்மா நடக்கலாம். திரும்பும்போது இருட்டிவிடும், ஆளுக்கு ஒரு டார்ச்.

கேமரா பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பெரிய லென்ஸ் வாங்குகிற காசில் நாலு பேருக்கும் தனித்தனி பைனாகுலர் வாங்குங்கள், 8க்கு 42 அளவு. ஒன்றை நாலு பேர் மாற்றி மாற்றிப் பிடுங்கினால் இருவாச்சி போன பிறகுதான் அம்மாவுக்கு முறை வரும்.

தென்னந்தோப்பு | நவம்பர் 9, இரவு 8.10

ஒரு மாதம் கழித்து வருகிறேன். டானும் கள மையத்தில் இடம் கிடைத்துவிட்டது. திருச்சி டிக்கெட்டும் போட்டாயிற்று.

போன வாரம் வால்பாறையில் இரண்டு இரவு. சனிக்கிழமை முழுக்க மழை. பாப்பா அழவில்லை, எனக்குத்தான் இரண்டாம் நாள் காலை எழ முடியவில்லை. வீட்டுக்காரிக்கு அட்டை பதினொன்று, எனக்கு ஏழு, அதில் ஒன்று தொப்புளில். ஒரு வளைவில் அத்தி மரத்தடியில் ரோட்டோரமாகக் குடை பிடித்துக்கொண்டு ஞாயிறு காலை நின்றோம். ஒன்றரை மணி நேரம் ஒன்றுமில்லை. நானும் பாப்பாவும் டீ குடிக்க நடந்தோம். திரும்பி வந்தால் அம்மா பைனாகுலரைக் கழற்றாமலேயே கையை மட்டும் நீட்டி "சத்தம் போடாதே" என்கிறார். இருவாச்சி ஜோடி. ஆண் பழத்தை மூக்கு நுனியில் பிடித்துத் தூக்கிப் போட்டு வாயில் வாங்கியதாம், மூன்று தடவை. நாங்கள் பார்த்தது பறந்து போகும்போது இறக்கைச் சத்தம் மட்டும். ஊர் வந்து சேரும்வரை 40 வளைவும் இதே பேச்சு. "அங்கேயும் இப்படி ஒரே இடத்துல உக்கார விடுவாங்களா?" என்று கேட்கிறார்.

கருமலை | நவம்பர் 9, இரவு 8.35

விடுவாங்க. ஒரு மடக்கு ஸ்டூல் வாங்கிக் கொடு.

ஓவர்லாக் | நவம்பர் 10, காலை 9.00

தென்னந்தோப்பு அண்ணா, மூன்று பேர் அளவு வந்துவிட்டது. அம்மாவின் பாத நீளம் இன்னும் வரவில்லைங்க. திங்கட்கிழமை கட்டிங் போடுகிறேன், அதற்குள் அனுப்பிவிடுங்கள்.